கோரிக்கை கடைசிப் பக்கத்தில்

தம்பி, ஒரு நிமிசம். நீங்க மருதனேந்தல் ஆளு இல்லையே? இல்லையா. நல்லதாப் போச்சு. அப்ப இந்தத் துண்டைத் தலையில இருந்து எடுத்துடறேன். புழுங்கித் தள்ளுது.

நீங்க ஒண்ணும் தப்பா நினைச்சுடாதீங்க. யாருக்கும் பயந்து ஒளியுற ஆளு இல்ல நான். மருதனேந்தல் மேல்நிலைப் பள்ளியில முப்பது வருசத்துக்கு மேல தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். பேரு மாசிலாமணி. எங்க ஊர்ல வந்து 'புலவர் அய்யா வீடு எது'ன்னு கேட்டா பச்சப்பிள்ளை கூட கையைக் காட்டும். அப்பேர்ப்பட்ட ஆளு ஏன் முக்காடு போட்டுக்கிட்டு வலையமங்கலம் பஸ்ஸுல போறான்னு கேக்குறீங்க. நீங்க கேக்கல, சரி. ஆனா கேக்கத் தோணும்ல.

முன்னாடி லேடீஸ் சீட்டுல பாருங்க. நீலச் சுடிதார், மடியில பையை வச்சுக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்கே, அதான் எம் மக. எழிலரசி. பி.எஸ்ஸி. கணக்கு, கல்லூரியிலேயே முதல் மாணவி. இன்னைக்கு அவளுக்கு எம்.எஸ்ஸி. சேர்க்கை. பன்னெண்டு மணிக்குள்ள போய் நிக்கணும். நிக்கலைன்னா காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்கு இடத்தைத் தூக்கிக் கொடுத்துடுவாங்களாம். இந்த டிரைவர் என்னடான்னா சாமி ஊர்வலம் போற மாதிரி ஓட்டுறாரு. மணி என்ன தம்பி ஆச்சு? சரி, சரி. போயிடலாம்ல? போயிடலாம்.

எந்தப் பல்கலைக்கழகமா? அங்கதான் தம்பி வந்து இடிக்குது.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இந்த மாவட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகம்னு அரசு அறிவிச்சுது. எந்த ஊர்னு சொல்லல. நிதியும் ஒதுக்கல. அறிவிப்பு மட்டும். மாவட்டத்துல சொல்லிக்கிற மாதிரி ஊர் ரெண்டுதான், ஒண்ணு மருதனேந்தல், இன்னொண்ணு வலையமங்கலம். எந்த ஊரு நிதியை வாங்குதோ அந்த ஊருக்குத்தான் பல்கலைக்கழகம். எனக்கு அன்னைக்கு உக்கார முடியல, நிக்க முடியல. மறுநாளே கூட்டம் போட்டு ஒரு குழு ஆரம்பிச்சேன். 'மருதனேந்தல் பல்கலைக்கழக மீட்புக் குழு'. நான்தான் தலைவர். 'இன்னும் வராத பல்கலைக்கழகத்தை எங்கேருந்துப்பா மீக்குறீங்க'ன்னு எம் மக கேட்டா. பேர்ல ஒரு எழுச்சி வேணாமா? கணக்குப் படிச்ச பிள்ளைக்கு அது எங்க விளங்கப் போகுது.

அப்பதான் அவ பி.எஸ்ஸி. முடிச்சிருந்தா. மதுரையில எம்.எஸ்ஸி.க்கு இடம் கெடைச்சுது, விடுதியோட. நான் வேணாம்னுட்டேன். பொம்பளப் பிள்ளைய விடுதியில விடுறதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, நான் அந்தக் காலத்து ஆளு இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. எங்க பிள்ளைங்க வெளியூர் போய்ப் படிக்க முடியாம தவிக்குது, அதனால எங்களுக்குப் பல்கலைக்கழகம் கொடுங்கன்னு நான் மேடையில முழங்குறேன். முழங்குறவன் மகளே மதுரைக்குப் பஸ் ஏறிப் போனா, கேக்குறவன் சிரிக்க மாட்டானா? 'பொறும்மா, நம்ம ஊருக்கே வருது, வீட்டுல இருந்து நடந்து போய்ப் படிக்கலாம்'னேன். பொறுத்தா. ஒரு வருசம் பொறுத்தா. ரெண்டாவது வருசமும் பொறுத்தா. நடுவுல ஜெராக்ஸ் கடையில டைப் அடிக்கப் போனா, சாயங்காலம் பிள்ளைங்களுக்கு டியூசன் எடுத்தா.

அப்பப்ப வந்து பேச ஆரம்பிப்பா. 'அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க, நான் என்ன நினைக்கிறேன்னா...'ம்பா. 'சுருக்கமாச் சொல்லும்மா, குழுவுக்கு நேரமாச்சு'ம்பேன். அவ எதைச் சுருக்கலாம்னு யோசிக்கிறதுக்குள்ள நான் செருப்பை மாட்டியிருப்பேன். என்ன செய்யுறது, பொதுவாழ்க்கைன்னா அப்படித்தான்.

ஆங், என்ன, நின்னுட்டான்? கேட்டா? ரயில்வே கேட்டு போட்டுட்டானா. போச்சு. கண்டக்டர் தம்பி, என்ன ரயில் இது? கூட்ஸா? கூட்ஸுன்னா ஆடி அசைஞ்சுல்ல வரும். எழிலு திரும்பிப் பாக்குறா பாருங்க. ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, கேட்டுதான். பாத்தீங்களா, பதில் சொல்லாம திரும்பிக்கிட்டா. நேத்துல இருந்து இப்படித்தான்.

சரி, எங்க விட்டேன்? குழு. சும்மா பேருக்கு நடத்துன குழு இல்ல தம்பி. அமைச்சரையே போய்ப் பாத்தோம். அவர் மாவட்டத்துக்கு வந்தப்ப ஆய்வு மாளிகையில நேரம் வாங்கிட்டேன். குழுவுல அத்தனை பேரும் வெள்ளை வேட்டி. பெரிய மனுசரைப் பாக்கப் போறோம், வெறுங்கையோடயா போறது? ஆளுக்கு ஒரு பொன்னாடை. ஒருத்தர் போத்தி, போட்டோ எடுத்து, அவர் நகந்து, அடுத்தவர் போத்தி, போட்டோ எடுத்து. சால்வை ஏறி ஏறி அமைச்சர் மூக்குக்கு மேலதான் தெரிஞ்சாரு. நல்ல மனுசன், வேர்த்துக்கிட்டே சிரிச்சாரு. 'சரிங்கய்யா, என்ன விசயம், சொல்லுங்க'ன்னு எங்கிட்டக் கேட்டாரு.

எடுத்த எடுப்புல விசயத்துக்குப் போனா நாகரிகமா? அவரை வாழ்த்தி நானே வெண்பா எழுதிக் கொண்டு போயிருந்தேன். முதல் வெண்பாவுக்குக் கையைக் கூப்பினாரு. ரெண்டாவதுல இருக்கேன், உதவியாளர் காதுல என்னமோ சொல்றாரு, அமைச்சர் நடக்குறாரு, நான் பின்னாடியே போய் மூணாவதைச் சொல்றேன், கார்க் கதவு சாத்துது. மனுவை உதவியாளர் கையில கொடுத்தோம். அவர் அதை எந்தச் சால்வைக்குள்ள வச்சாரோ. 'பாட்டு நல்லாருக்குய்யா'ன்னு கார்ல இருந்து சொல்லிட்டுத்தான் போனாரு, அதைச் சொல்லணும்ல.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எழிலு கேட்டா, 'பல்கலைக்கழகம்ங்கற வார்த்தையைச் சொன்னீங்களாப்பா?' மூணாவது வெண்பாவோட ஈற்றடியில வருதும்மான்னேன். அவங்க அம்மா அடுப்படியில இருந்து, 'எலை போட்டு, தண்ணி தெளிச்சு, சோறு போடாம எந்திருக்க விட்டுட்டு வந்திருக்காரு உங்கப்பா'ன்னா. ரெண்டு பேரும் ஒரு கட்சி தம்பி. வீட்டுக்குள்ள நான்தான் எதிர்க்கட்சி.

விட்டுடுவேனா? எங்க எம்.எல்.ஏ. வெள்ளைச்சாமி எங்கிட்டப் படிச்சவரு. எட்டாப்புல எங்கிட்டப் பிரம்படி வாங்கினவரு, இப்ப நான் 'எம்.எல்.ஏ. அய்யா'ன்னுதான் கூப்பிடுறேன், முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. உயர்கல்வி மானியக் கோரிக்கை விவாதத்துல அவருக்குப் பேச வாய்ப்பு வந்துச்சு. சட்டமன்றத்துல அவருக்கு அதான் முதல் பேச்சு. நேரா என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. 'அய்யா, எனக்குப் பேச வராது. நீங்க எழுதிக் கொடுங்க. கோட்டையே அதிரணும்'னாரு.

சாப்பாடு தண்ணியில்லாம எழுதினேன் தம்பி. பேரவைத் தலைவருக்கு வணக்கம், அதுல ஒரு பத்தி. கட்சித் தலைமைக்கு ரெண்டு பக்கம். அமைச்சருக்கு அவர் துறையையும் குணத்தையும் சேத்து ஒரு பக்கம். தொகுதி மக்களுக்கு நன்றி. அப்புறம் மருதனேந்தலோட பெருமை, அந்தக் காலத்துல எங்க கண்மாய்க்கரையில புலவருங்க கூடுவாங்கன்னு ஒரு செவிவழிச் செய்தி. அப்படியே படிப்படியா ஏறிப் போய்க் கடைசிப் பக்கத்துல உச்சியில வச்சேன், 'ஆகவே எங்கள் மண்ணுக்குப் பல்கலைக்கழகத்தையும் அதற்கான முதல் கட்ட நிதியையும் வழங்கிட வேண்டும்'. படிச்சா மயிர்க்கூச்செறியும்.

எழிலுதான் டைப் அடிச்சா. அடிச்சு முடிச்சுட்டு, 'அப்பா, இந்தக் கடைசிப் பக்கத்தை முதல் பக்கமா வச்சுடவா'ன்னா. 'அவருக்கு அஞ்சு நிமிசம்தான் தருவாங்களாம், நான் படிச்சுப் பாத்தேன், புகழுறதுக்கே அது போயிடும்'னா. தலையை வெட்டிக் கால்ல ஒட்டுறவ மாதிரி பேசுறாளேன்னு எனக்குக் கோவம் வந்துடுச்சு. 'பேச்சுக்கலையைப் பத்தி எனக்கு நீ சொல்றியா'ன்னேன். பேப்பரைத் தட்டி அடுக்கி, பின் அடிச்சுக் கொடுத்துட்டா.

பேசுற அன்னைக்குப் பாஸ் வாங்கிச் சென்னையில பார்வையாளர் மாடத்துல உக்காந்திருக்கேன். எம்.எல்.ஏ. எந்திரிச்சாரு. வணக்கம் சொன்னாரு. புகழ ஆரம்பிச்சாரு. முதல் உவமைக்கே மேசையைத் தட்டுனாங்க தம்பி. அவங்க தட்டி முடிக்கிற வரைக்கும் இவர் நின்னு, நாலு திசைக்கும் கும்பிட்டு, அப்புறம் அடுத்த வரி. மறுபடியும் தட்டுறாங்க. மறுபடியும் கும்பிடுறாரு. என் கண்ணுல தண்ணி. என் தமிழுக்குக் கோட்டையில மேசை தட்டுறாங்கன்னா எப்படி இருக்கும், சொல்லுங்க.

அமைச்சரோட குணத்துக்கு வர்றப்ப மணி அடிச்சாச்சு. 'உறுப்பினர் முடிக்கணும்'ங்குறாரு பேரவைத் தலைவர். வெள்ளைச்சாமிக்கு எதை விடுறது எதைப் படிக்கிறதுன்னு தெரியல. பக்கத்தைப் புரட்டுறாரு. கடைசிப் பக்கம், கடைசிப் பக்கம்னு நான் மேல இருந்து கையைக் காட்டுறேன். காவலர் என் தோள்ல கை வச்சு உக்கார வச்சுட்டாரு. கீழ நம்ம ஆளு கண்மாய்க்கரைப் புலவருங்களைப் பிடிச்சுக்கிட்டாரு. மைக் நின்னுடுச்சு. 'மிச்சத்தை எழுதிக் கொடுங்க'ன்னுட்டாங்க. அவரும் கும்பிட்டு உக்காந்துட்டாரு. மனுசன் முகத்துல அப்படி ஒரு சந்தோசம், தாலி கட்டி முடிச்ச மாப்பிள்ளை மாதிரி.

அடுத்துக் கூப்பிட்டது யாரைன்னு நினைக்கிறீங்க? வலையமங்கலம் எம்.எல்.ஏ. மங்களேஸ்வரி. ரைஸ்மில் வீட்டம்மா. மேடைத் தமிழ் தெரியாது, எழுதி வச்சதும் இல்ல. எந்திரிச்சு நின்னு, 'வணக்கம்ங்க. எங்க ஊருக்குப் பல்கலைக்கழகம் வேணும். அதுக்கு நிதி ஒதுக்கணும். எடம் பாத்து வச்சிருக்கோம், கலெக்டர் வந்து பாத்துட்டாரு. கட்டடம் கட்டுற வரைக்கும் எங்க பழைய மில்லுல வகுப்பு நடத்திக்கலாம், நான் சும்மாத் தர்றேன். எங்க பக்கத்துப் பொம்பளப் பிள்ளைங்க டிகிரி முடிச்சுட்டு வீட்டுல உக்காந்திருக்குதுங்க. அதைத்தான் சொல்ல வந்தேன்'. உக்காந்துட்டாங்க. அவ்வளவுதான். ஒரு உவமை கிடையாது. யாருக்கும் ஒரு வாழ்த்து கிடையாது. ஒருத்தர் மேசை தட்டல. அமைச்சர் மட்டும் குனிஞ்சு என்னமோ எழுதிக்கிட்டாரு.

பதிலுரையில வலையமங்கலம்னு சொல்லிட்டாரு. நிதியும் அப்பவே.

இது எப்படி நடந்துச்சுன்னு இன்னை வரைக்கும் எனக்கு விளங்கல தம்பி. பேரவைத் தலைவர் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். இல்ல வெள்ளைச்சாமி அத்தனை தடவை கும்பிடாம இருந்திருக்கலாம். மேசை தட்டுனவங்களாவது சுருக்கமாத் தட்டியிருக்கலாம். பேச்சுல குறையே இல்ல. அதுக்குச் சாட்சி வேணுமா? அந்தப் பேச்சோட வீடியோ போன் போனாப் போச்சு, தலைமை வரைக்கும் போச்சு. ரெண்டு மாசத்துல வெள்ளைச்சாமிக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி. ஊரே பட்டாசு வெடிச்சுது. என்னை மேடையில ஏத்தி, 'எல்லாம் எங்க புலவர் அய்யா பேனா'ன்னு சொல்லிப் பொன்னாடை போத்துனாரு. என் எழுத்து ஒரு மனுசனை எங்க கொண்டு போய் உக்கார வச்சுதுன்னு நினைச்சா எனக்குப் பெருமைதான்.

ஆனா சென்னையில இருந்து திரும்பி வந்த அன்னைக்கு எழிலு வாசல்லயே நின்னா. 'கேட்டாராப்பா?' மேசை தட்டுனதைச் சொன்னேன். 'கேட்டாரா?' மணி அடிச்சதைச் சொல்ல வந்தேன். 'கேட்டாரா இல்லையாப்பா?' கேக்குற கட்டத்துக்கு வந்துட்டாரும்மான்னேன். உள்ள போயிட்டா. அன்னைக்கு அவ சாப்பிடல. எனக்கும் இறங்கல. வயிறு பத்தி எரிஞ்சுது தம்பி, மேடையில மாலை விழுறப்பவும் எரிஞ்சுது. இதை நான் யாருகிட்டயும் சொல்லல, இப்பதான் உங்ககிட்டச் சொல்றேன்.

அதுக்காக ஓஞ்சு போயிட்டேனா? 'மாவட்டத்துக்கு இரண்டாவது பல்கலைக்கழகம்'னு குழுவைத் திருத்தி அமைச்சேன். வர்ற தை மாசம் உண்ணாவிரதம். நேத்து மத்தியானம் அதைப் பத்தித்தான் சாப்பாட்டுல பேசிக்கிட்டு இருந்தேன். எழிலு ரசம் ஊத்திக்கிட்டே சொன்னா. 'வலையமங்கலத்துல எனக்கு எம்.எஸ்ஸி. இடம் கெடைச்சிருக்கு. நாளைக்குச் சேரணும். பெத்தவங்க கையெழுத்து வேணும். காலையில பஸ்.' அவ்வளவுதான் தம்பி. 'அப்பா, கோவிச்சுக்காதீங்க' இல்ல. 'ஒண்ணு சொல்லணும்' இல்ல. எப்ப விண்ணப்பம் போட்டா, எப்ப தேர்வு எழுதினா, எனக்கு ஒண்ணும் தெரியாது.

குதிச்சேன். 'அந்த அம்மா வாங்குன பல்கலைக்கழகத்துக்கா? மில்லு கொட்டாயிலயா? ஊருக்குள்ள எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் உண்ணாவிரதம் இருப்பேன்'னேன். ரசக்கரண்டியைக் கீழ வச்சுட்டு நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டா. 'டிகிரி முடிச்சுட்டு வீட்டுல உக்காந்திருக்கிற பொம்பளப் பிள்ளைன்னு அந்தம்மா யாரைச் சொன்னாங்கன்னு நினைக்கிறீங்க? என்னைய அவங்களுக்குத் தெரியாது. ஆனா எனக்காகக் கேட்டது அவங்கதான்'னா. ரெண்டு வருசம் எழுதி எழுதி என் கை காய்ச்சுப் போச்சு, நான் யாருக்காகக் கேட்டேன் சொல்லுங்க? எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டேன்.

கேட்டைத் தூக்கிட்டான். அப்பாடி. போப்பா, போப்பா, கொஞ்சம் மிதிச்சு ஓட்டு. இன்னும் எத்தனை நிறுத்தம்? ரெண்டா. பன்னெண்டுக்குள்ள போயிடும்ல? போகணும் தம்பி. அந்த இடம் வேற பிள்ளைக்குப் போச்சுன்னா அவ என் மூஞ்சியில முழிக்கவே மாட்டா. எனக்கே அது தாங்காது.

அப்புறம் பிள்ளை படிப்பாச்சேன்னு கூட வர்றதுன்னு ஆனதும் நானும் என் பங்குக்கு விடியக்காலையில எந்திரிச்சு உக்காந்தேன். துறைத் தலைவரைப் பாத்துப் பேசணும்ல, புது இடம், நம்ம பிள்ளையைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? எழுதினேன். துணைவேந்தருக்கு வாழ்த்து, கணிதத் துறைக்கு ஒரு பாராட்டு, கணக்கும் தமிழும் எப்படி ரெட்டைப் பிள்ளைங்கன்னு ஒரு விளக்கம். எழிலு மூணாவது பக்கத்துல வர்றா. பிரமாதமா வந்திருக்கு தம்பி. இவ ரெண்டு வருசம் எப்படிக் காத்துக் கிடந்தான்னு அதுல ஒரு வரி, எழுதுறப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

பஸ் ஸ்டாண்டுல என் சட்டைப் பையில மடிச்சு வச்சதைப் பாத்துட்டா. கையை நீட்டினா. கொடுத்தேன். நின்னபடியே படிச்சா, மூணாவது பக்கத்துல அந்த வரிகிட்ட வந்து கொஞ்ச நேரம் நின்னா. கிழிப்பான்னு நினைச்சேன். கிழிக்கல. மடிச்சுத் தன் பைக்குள்ள வச்சுக்கிட்டு, 'கையெழுத்து மட்டும் போடுங்கப்பா. அங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. வணக்கம் கூட நானே சொல்லிக்கிறேன்'னா. நான் தலையை ஆட்டினேன். ஆட்டுனது போதாதுன்னு என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. சின்னப் பிள்ளையில ரோட்டைக் கடக்குறப்ப பிடிப்பா, அதுக்கப்புறம் நேத்து வரைக்கும் பிடிச்சதே இல்ல.

அதான் தம்பி, ஏறினதுல இருந்து உங்களை விடாமப் போட்டுத் துளைக்கிறேன். தூங்க வந்த மனுசன், மன்னிச்சுக்கங்க.

எந்திரிச்சிட்டா. வலையமங்கலம்தானா இது? அந்த மில்லு மதில்தான் போல. வர்றேம்மா, வர்றேன். பேசல, பேசல, அவருகிட்டச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். வர்றேன் தம்பி. படியில இருந்து கால் கீழ வச்சா நான் ஊமை.